மேச்சேரிக்குக் கொண்டுபோன கல்யாணப் பத்திரிகை

கண்ணு,

போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் "சரிம்மா, அப்பறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. படிக்கும்போது கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி எடுத்துப் படி. கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நீ கோபப்படவும் அது தணியவும் அவ்வளவு நாள் போதும் என்று நினைக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. பத்திரிகை வைக்க நீ எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒரு பெயரை எழுதி, பிறகு நீயே அடித்திருந்தாய். மேகலா, மேச்சேரி. "ஏன் சாமி அடிச்சிருக்கற?" என்று கேட்டேன். "விடும்மா, அவ வரமாட்டா" என்றாய். நேற்று முன்தினம் நானும் உன் அப்பாவும் மேச்சேரிக்குப் போனோம். அவளுக்குப் பத்திரிகை வைத்தேன். வைத்துவிட்டு, ஒன்பது வருடமாக உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இருவரும் பழையபடி ஆவீர்களா என்று எனக்குத் தெரியாது. அது கெட்டுப்போனதற்கு நீ காரணமில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும், கெட்டுப்போன அன்றைக்கே தெரியும்.

நீ தண்ணீரில் இறங்கியது ஆறு வயதில். உன் அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வருடத்தில் எட்டு மாதம் வடக்கே போய்விடுவார். பிள்ளைக்கு நீச்சல் சொல்லித்தர வேறு ஆள் இல்லாததால் நானே சொல்லித் தந்தேன். காலி எண்ணெய் கேன் ஒன்றை உன் முதுகில் கட்டி நம் கிணற்றில் இறக்கிவிட்டேன். பத்து நாளில் கேனை அவிழ்த்துவிட்டோம். அதற்குப் பிறகு உன்னைக் கரையேற்றுவதுதான் கஷ்டமாகிப் போனது. பள்ளிக்கூடம் விட்டால் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் வந்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே மோட்டார் மேடையிலிருந்து குதிப்பீர்கள். கிணற்றில் ஒரே ஒரு சட்டம்தான். கீழே குதித்தவள் ஒதுங்கிவிட்டாளா என்று மேலே நிற்கிற பெரியவர் பார்த்து, "குதி" என்று சொன்ன பிறகுதான் அடுத்த ஆள் குதிக்க வேண்டும். நீ பிறப்பதற்கு முன்னால் நம் ஊரில் ஒரு பையன் இதைக் கேட்காமல் குதித்து, கீழே இருந்த தங்கையின் தோள்பட்டையை உடைத்தான். அதிலிருந்து எல்லாத் தோட்டத்திலும் இதுதான் வழக்கம்.

உன் விஷயத்தில் அந்தப் பெரியவர் எப்போதும் நான்தான். என் தொண்டையைப் பற்றி ஊருக்கே தெரியும். நம் குச்சிக்கிழங்குக் காட்டில் நின்று கூப்பிட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உன் அப்பாகூட, "உனக்கு எதுக்குடி போனு?" என்று கேலி செய்வார். "ம், குதி சாமி" என்று நான் சொன்னால் நீ யோசிக்கவே மாட்டாய். சொல் முடிவதற்குள் உன் கால் மேடையை விட்டிருக்கும். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, சாமி கும்பிட்டுக்கொண்டு, இரண்டு முறை பின்னால் போய் முன்னால் வருவார்கள். எனக்கு அதில் பெருமை தாங்காது. என் மகள் என் பேச்சைத் தட்டமாட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். பிள்ளை வளர்ப்பதில் நான் செய்த பெரிய காரியம் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர் சொல்லித்தான் சேலத்துக்குப் போனோம். முதல் நாள் அந்த நீச்சல்குளத்தில் மாஸ்டர் உன்னை இறங்கச் சொன்னதும் நீ செய்த கூத்து நினைவிருக்கிறதா? கிணற்றில் வட்டமாகவே நீந்திப் பழகியவள். நேராகப் போகத் தெரியாமல் பக்கத்துக் கயிற்றில் முட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களைப் பார்த்தாய். மாஸ்டர் சிரித்தார். கரையில் நின்றிருந்த இன்னொரு பெண்ணும் சிரித்தாள். உனக்கு ஒரு வயது மூத்தவள், உன்னைவிட ஒரு சாண் உயரம். மேச்சேரியில் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவரின் மகள். மேட்டூர் கால்வாயில் நீந்தக் கற்றவள் என்பதால் அவளுக்கு நேராகப் போக மட்டும்தான் தெரியும், திரும்பத் தெரியாது. ஒரு மாதத்தில் நீ அவளுக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தாய், அவள் உனக்கு நேராகப் போகக் கற்றுக்கொடுத்தாள். அவள்தான் மேகலா.

அதன் பிறகு வந்த வருடங்களை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை முதல் பஸ், கையில் உன் பை, என் மடியில் உன் தலை. குளத்திலிருந்து அப்படியே பள்ளிக்கூடம். நாமக்கல் மாவட்டத்தில் பிறந்துவிட்டு முட்டை பிடிக்காது என்று நீ அழுதது, மாஸ்டர் "தினம் ஆறு" என்று கட்டளை போட்டது, மேகலா உன் பங்கில் மூன்றை யாருக்கும் தெரியாமல் தின்றது எல்லாம் எனக்குத் தெரியும். நம் சொந்தத்தில் ஒருவர், "பொட்டப் புள்ளைய இந்த உடுப்புல நாலு பேர் முன்னாடி நிறுத்தறியே" என்று கேட்டபோது, "சேலை கட்டி நீந்துனா உங்க ஊட்டுக்கு மெடல் வருமுங்களா?" என்று நான் கேட்டேன். அந்த வாய்க்கு நான் வருத்தப்படவில்லை. என் வாய் தப்புச் செய்தது வேறு இடத்தில்.

உனக்குப் பதினேழு வயதானபோது நீங்கள் இருவரும் மாநில அணிக்கு ரிலேயில் தேர்வானீர்கள். ஃப்ரீஸ்டைல், ஆளுக்கு நூறு மீட்டர், நான்கு பேர். முதல் இருவர் சென்னைப் பெண்கள், மூன்றாவது மேகலா, கடைசியில் நீ. மேகலாவின் கையசைவு உனக்கு அத்துப்படி என்பதால்தான் உன்னை அவளுக்குப் பின்னால் போட்டதாக மாஸ்டர் சொன்னார். போட்டி வடக்கே ஒரு ஊரில். இரண்டு நாள் ரயில். பெற்றோர் பக்கத்திலிருந்து நானும் மேகலாவின் அப்பாவும் மட்டும்தான் வந்தோம். அந்தப் போட்டி உனக்கு ஒரு போட்டி, மேகலாவுக்கு அதுதான் எல்லாம். அந்த வயதுப் பிரிவில் அவளுக்குக் கடைசி வருடம். தேசிய அளவில் ஒரு மெடல் சான்றிதழ் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் சென்னையில் கல்லூரி இடம் உறுதி. இல்லாவிட்டால் நீச்சல் போதும் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். இதை அவள் அப்பாவே ரயிலில் என்னிடம் சொன்னார்.

ரிலேயின் சட்டமும் எனக்குத் தெரியும். நீந்தி வருகிறவளின் கை சுவரைத் தொடும்வரை, மேலே நிற்கிறவளின் கால் மேடையை விடக்கூடாது. விட்டால் நான்கு பேரும் வெளியே. இதை மாஸ்டர் எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லித் தந்தார். பிற்பாடு உன்னிடம் நான், "எனக்கென்ன சாமி தெரியும், உங்க சட்டமெல்லாம்" என்று சொன்னேனே, அது பொய். அதை நீ நம்பினாயா, நம்பியதுபோல் இருந்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று நம் அணியின் முதல் பெண் மூன்றாவதாக வந்தாள், இரண்டாவது பெண் நான்காவதாக இறங்கிப்போனாள். மேகலா குதித்தபோது முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அவள் அன்றைக்கு நீந்தியதுபோல ஒரு ஆள் நீந்தி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போகும்போது ஒருத்தியைத் தாண்டினாள், திரும்பி வரும்போது இன்னொருத்தியை. கடைசிப் பதினைந்து மீட்டரில், முன்னால் போய்க்கொண்டிருந்தவளோடு தோளுக்குத் தோள் வந்துவிட்டாள். நீ குனிந்து மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கேலரியின் முதல் வரிசையில், உனக்குப் பக்கவாட்டில், பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். நான் நின்ற கோணத்தில் மேகலாவின் கை சுவருக்கு வந்துவிட்டதுபோல் தெரிந்தது. நான் எதையும் முடிவு செய்து கத்தவில்லை. "குதி சாமி" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. நீ குதித்துவிட்டாய்.

நீ முதலாவதாக வந்தாய். மேகலா கரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், சென்னைப் பெண்களைக் கட்டிப்பிடித்தாள். பிறகு பலகையில் நம் அணியின் பெயருக்கு நேராக நேரம் வரவில்லை. நடுவர் மாஸ்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். தகுதி நீக்கம் என்று தெரிந்ததும் மேகலா உன்னைப் பார்த்தாள். நீ கேலரியைப் பார்த்தாய். என்னைப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மாஸ்டர் உன்னிடம் வந்து, "ஏன் அவசரப்பட்ட?" என்று கேட்டார். "தெரியல மாஸ்டர். தப்பு என்னோடதுதான்" என்றாய். நான் அந்த இடத்தில்தான் இருந்தேன் கண்ணு. துண்டு எடுத்து உன் தோளில் போர்த்தினேன், வேறொன்றும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் மட்டும்தான். ஒருவேளை நான் கத்தியது உன் காதில் விழவே இல்லையோ, நீயாகத்தான் குதித்தாயோ என்று மனம் தப்பிக்க வழி தேடியது. அந்த வழியும் ரயிலில் அடைபட்டது. மேகலாவின் அப்பா அந்தப் போட்டியைத் தன் போனில் வீடியோ எடுத்திருந்தார். அவருக்குப் போன் புதிது. அதுவரை ஆட்டுக்குட்டிகளை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் மேல் பர்த்தில் படுத்திருக்கும்போது, சத்தத்தைக் குறைத்து வைத்து என்னிடம் காட்டினார். காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூட்டத்து இரைச்சலுக்கு மேலே என் குரல் சுத்தமாகக் கேட்டது. முதலில் என் குரல், பிறகு நீ தண்ணீரில் விழும் சத்தம், அதற்குப் பிறகுதான் மேகலாவின் கை சுவரில். அவர் அதைக் கவனிக்கவில்லை. மகளின் நீச்சலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "அண்ணா, இதை அழிச்சுடுங்க. புள்ளைங்க பாத்தா மனசு நொந்து போயிடும்." அவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்கம்மா, புள்ளைங்க மனசுதானுங்க முக்கியம்" என்று சொல்லி, எப்படி அழிப்பது என்று தெரியாமல் என்னிடமே போனைக் கொடுத்தார். நான்தான் அழித்தேன்.

இதுதான் நான் செய்தது. கத்தியது கை தவறி டம்ளர் விழுந்ததுபோல, அதற்கு நான் என்னையே மன்னித்துவிட்டேன். அழித்தது அப்படியில்லை. அதைத் தெரிந்தேதான் செய்தேன்.

அந்த வருடம் முழுக்க மாஸ்டர் உன்னை ரிலேயில் உதிரி ஆளாக உட்கார வைத்தார். மற்றவர்களின் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நீ கரையில் நிற்பாய். மேகலா வரவில்லை. அவளை டி.ஃபார்ம் படிக்கச் சேர்த்துவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய், அதுவும் சோறு தின்றுகொண்டே, தலையை நிமிர்த்தாமல். அதற்குப் பிறகு அவள் பெயர் நம் வீட்டில் பேசப்படவில்லை. மறு வருடம் நீ மறுபடி அணிக்குள் வந்தபோது, காதில் ரப்பர் அடைப்பான், அதற்கு மேல் ஒரு தொப்பி, அதற்கு மேல் இன்னொரு தொப்பி. "என்ன சாமி இது?" என்று கேட்டேன். "காது வலிக்குதும்மா" என்றாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னைச் சேலத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் விளக்கு வைத்து இரண்டு காதையும் பார்த்துவிட்டு, "காது நல்லா இருக்குதும்மா, ஒண்ணும் இல்லை" என்றார். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. "எதுக்கும் ஒரு சொட்டு மருந்து எழுதிக் குடுங்க" என்று வாங்கி வந்தேன். அந்த மருந்தை நீ ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டாய். வலியில்லாத காதுக்கு மருந்து போட நீ தலையைச் சாய்த்து என் மடியில் படுப்பாய், நான் மூன்று சொட்டு எண்ணி விடுவேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்மேல் எரிச்சலும் வருகிறது. பிற்பாடு உன் அணி சீனியர் பிரிவில் தங்கம் வாங்கியபோது ஒரு பத்திரிகைக்காரப் பையன் வீட்டுக்கு வந்து, "ஏன் ரெண்டு தொப்பி போடறாங்க?" என்று கேட்டான். "சின்ன வயசுல கிணத்துத் தண்ணி காதுல பூந்து ஒரு தொந்தரவுங்க" என்றேன். கடைசியில் கிணற்றின் மேலேயும் பழியைப் போட்டேன்.

அந்தத் தங்கம், அடுத்த வருடத்துத் தங்கம், வேலைக்கான உத்தரவு எல்லாவற்றுக்கும் நான் சந்தோஷப்பட்டேன், அதில் பொய் இல்லை. உன் அப்பா லீவு போட்டு வந்து முதல் முறையாகப் போட்டி பார்த்தாரே, தண்ணீரில் இருக்கிற பெண்களில் எது தன் மகள் என்று கண்டுபிடிக்க முடியாமல் வேறு லேன்காரியை நோக்கிக் கைதட்டினாரே, அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு உண்மையான சிரிப்பு. ஆனால் உன் ஒவ்வொரு ரிலேயிலும் நான் சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். உன் அப்பா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருடம் நீ போதும் என்று தொப்பியைக் கழற்றிவிட்டாய். பயிற்சியாளராகப் போகிறாய், கல்யாணமும் ஆகப் போகிறது. மாப்பிள்ளை வீட்டு ஆத்தூர்க்காரர்கள் நம்மைப்போல வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடமாட்டார்கள், அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை நல்லவர், அதிகம் பேசாதவர். அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நீயும் பேசாதவள். ஒருவர் தப்பை ஒருவர் மூடி மூடி வைத்துக்கொண்டு, வீட்டில் சத்தமே இல்லை, நாங்கள் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நாமே ஒன்பது வருடம் அப்படித்தான் இருந்தோம். அவர் தப்புச் செய்தால் அவரிடம் சொல். நீ தப்புச் செய்தால் அவர் சொல்லட்டும், காதை அடைத்துக்கொள்ளாதே. உன்னிடம் நீச்சல் பழக வரும் பிள்ளைகளின் தாய்மார்கள் குளத்துக்குப் பக்கத்தில் வந்து கத்தினால் யோசிக்காமல் வெளியே அனுப்பு. என்னைப்போல ஒருத்தி நிச்சயம் வருவாள்.

இனி மேச்சேரிக்கு வருகிறேன். மேகலா இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக மெடிக்கல் வைத்திருக்கிறாள். பத்திரிகை வைக்கப் போனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று உன் அப்பா அடம்பிடித்தார். "இது பத்திரிகை மட்டும் இல்லைங்க" என்று சொல்லி அவரை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் அதே நீச்சல்காரித் தோள். "வாங்கம்மா, நல்லாருக்கீங்களா? நித்யாவுக்குக் கல்யாணம்னு யாரோ ஸ்டேட்டஸ் வச்சிருந்தாங்க, பாத்தேனுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் தட்டில் குங்குமமும் பத்திரிகையும் வைத்து நீட்டினேன். வாங்கி மேஜைமேல் வைத்தாள், பிரிக்கவில்லை. ஒரு பெரியவர் வந்து, "கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடு சாமி" என்றார். எடுத்துக் கொடுத்தாள். அவர் போனதும், அடுத்த ஆள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன்.

"மேகலா, அன்னிக்கு நித்யா தானா குதிக்கலை சாமி. நான்தான் குதின்னு கத்துனேன். நீ தொடறதுக்கு முன்னாலயே கத்திட்டேன். கிணத்துல நான் சொன்னாத்தான் குதிப்பா, அந்தப் பழக்கத்துல குதிச்சுட்டா."

அவள் ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "இது உங்களுக்கு எப்பங்கம்மா தெரியும்?" என்று கேட்டாள்.

"அன்னிக்கே தெரியும். ரயில்ல உங்கப்பா வீடியோ காட்டுனாரு. அதுல என் சத்தம் கேட்டுது."

கத்தரியைக் கீழே வைத்தாள். "அந்த வீடியோவை அழிக்கச் சொன்னது நீங்கதானுங்களா?"

"ஆமா. அழிச்சதும் நான்தான்."

அப்போது ஒரு பெண் குழந்தைக்குச் சளி மருந்து கேட்டு வந்தாள். எத்தனை வயது, எத்தனை நாளாக என்று நிதானமாகக் கேட்டு, மருந்தை எடுத்து, எத்தனை மில்லி என்று மூடியில் கோடு போட்டுக் காட்டி அனுப்பினாள். பிறகு என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதை அழிச்சதுக்கு நான் எங்கப்பாகிட்ட ஒரு வாரம் பேசலைங்க. என் ஆயுசுல நான் அப்படி நீந்துனது அந்த ஒரு தடவைதானுங்கம்மா. டைமும் எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை. அதுக்கப்பறம் நான் தண்ணியில எறங்கலை. எம்பையன் கேக்கறான், அம்மா உனக்கு நீச்சல் தெரியுமான்னு. தெரியும்டான்னு சொன்னா நம்பமாட்டேங்கறான். காட்டறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குதுங்க?"

மெடல் போனதுக்கும் கல்லூரி போனதுக்கும் அவள் திட்டுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் இதைக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. "என்னைய மன்னிச்சுக்க சாமி" என்றேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "மெடல் போனதுக்கு நான் அவகூடப் பேசாம இருக்கலைங்க. ரயில்ல அவகிட்டக் கேட்டேன், ஏண்டி குதிச்சேன்னு. ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். வாயே தொறக்கலை. ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தா. அவளுக்கு அடுத்த வருசம் இருக்குது, எனக்கு இல்லை, அதனால அவளுக்கு இது பெருசா தெரியலைன்னு நெனச்சுட்டேன். ஒரு காரணம் சொல்லியிருந்தா, பொய்யாச் சொல்லியிருந்தாலும் பேசியிருப்பேனுங்க."

அந்தக் கேள்வியை அவள் கேட்டபோது நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். உனக்கு எதிர் சீட்டில். மடியில் டிபன் டப்பாவை வைத்துப் புளிசாதத்தை இலையில் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன். நீ அவளுக்குப் பதில் சொல்லியிருந்தால் என்னைக் கைகாட்டித்தான் சொல்லியிருக்க முடியும். நீ ஜன்னலைப் பார்த்தாய். நான் உன் இலையில் ஒரு வறுவல் கூடுதலாக வைத்தேன். ஒன்பது வருடமாக, மெடல் போய்விட்டது, போனது போனதுதான், அதனால்தான் அந்தப் பெண் பேசவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மெடலை என்னால் திருப்பித் தர முடியாது, ஆனால் அந்த ஒரு பதிலை அன்றைக்கே தந்திருக்க முடியும். ஒரு வரி. அதைச் சொல்லியிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பீர்கள்.

கிளம்பும்போது, "வாரேன்னு இப்பச் சொல்ல முடியாதுங்கம்மா" என்றாள். "சொல்ல வேண்டாம் சாமி" என்றேன். படி இறங்கிய பிறகு கூப்பிட்டு, "நீங்க இங்க வந்தது அவளுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல அவகிட்டச் சொல்லுங்க. எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லுங்க, வீடியோவையும் சேத்து" என்றாள். சொல்லிவிட்டேன். டீக்கடையில் உன் அப்பாவிடமும் சொன்னேன். "நம்ம புள்ள இத்தனை வருசமா உன்னையக் காப்பாத்தியிருக்குது" என்றார். எனக்குப் பொது இடத்தில் அழுது பழக்கமில்லை. அன்றைக்கு அழுதேன்.

நீ எனக்காகச் சுமந்தது பெரிய காரியம் என்று உன்னைப் புகழமாட்டேன். பதினேழு வயதுப் பெண் செய்ய வேண்டிய வேலை அல்ல அது. அதை உன்னைச் செய்யவிட்டது நான். மேகலாவின் நம்பர் கடைப் பலகையில் இருந்தது, எழுதிக்கொண்டு வந்தேன், பத்திரிகைக் கட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். அவள் உன்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை. எனக்கு வயசாகிவிட்டது, பாவம் என்று குரலைத் தணித்துச் சொல்லாதே. ஏதோ ஒரு பழக்கதோஷம் என்று எனக்காக இன்னொரு பூச்சுப் பூசாதே. "எங்கம்மா கத்துனாங்க, நான் குதிச்சுட்டேன்" என்று சொல். நான் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் சொல்.

அம்மா